மத்தியான மாத்திரை மட்டும் ஏன் கேட்கவில்லை?

பார்க்கின்சன் நோய்க்காக லெவோடோபா சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால், நாள் காலை மாலை என்று ஓடாது. மாத்திரை கேட்கிற நேரம், கேட்காத நேரம் என்றுதான் ஓடும். டாக்டர்கள் அதை 'ஆன்', 'ஆஃப்' என்பார்கள். எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான். தம்பி சென்னையிலிருந்து போன் போட்டால் முதல் கேள்வியே, "அப்பா ஆன்ல இருக்காராக்கா?"

நான் பி.பார்ம் படித்தவள். மன்னார்குடிப் பக்கம் சிறியதாக ஒரு மெடிக்கல் நடத்துகிறேன். குடல் சுவரில் கடத்திப் புரதங்கள் என்று சில இருக்கின்றன. சில மருந்துகளை அவைதான் உள்ளே ஏற்றுகின்றன, சிலவற்றைத் திருப்பி வெளியே தள்ளுகின்றன. இது படித்த பாடம். அப்பாவுக்கு நோய் வந்த பிறகு அந்தப் பாடம் தினமும் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. கடையில் நிற்கும்போதும் அது விடுவதில்லை. இதே விஷயத்தால் மருந்து கேட்காமல் அலைகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு எழுதிக்கொடுத்தது லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரை. சின்டோபா என்ற பெயரில் பல வீடுகளில் இருக்கும். மூளையில் டோபமின் குறைவதுதான் நோய். டோபமினை நேராகக் கொடுத்தால் அது மூளைக்குள் போகாது. லெவோடோபா போகும், போய் டோபமினாக மாறும். வழியிலேயே மாறி வீணாகாமல் கார்பிடோபா பார்த்துக்கொள்ளும்.

முதல் சில வருஷம் எந்தத் தொந்தரவும் இல்லை. மூன்று வேளை மாத்திரை, நாள் முழுக்க நடமாட்டம். அப்புறம்தான் ஏற்ற இறக்கம் தொடங்கியது. காலை மாத்திரை போட்டு முக்கால் மணி நேரத்துக்குள் அப்பா எழுந்து வாசலுக்குப் போய்ப் பேப்பர் எடுத்து வந்துவிடுவார். மத்தியான மாத்திரையோ இரண்டு மணி நேரம் ஆனாலும் அசையவில்லை. சில நாள் சாயங்காலம் வரை ஒன்றுமே நடக்காது. அதே அட்டையில் பிய்த்த மாத்திரை, அதே டம்ளர் தண்ணீர். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். மருந்து போலி, டோஸ் பத்தவில்லை, நோய் முற்றிவிட்டது.

அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்தவர். கணக்கு எழுதாமல் இருக்க முடியாது அவருக்கு. ஒரு நோட்டில் கோடு போட்டு, மாத்திரை எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டேன், எப்போது நடக்க வந்தது என்று அவரே எழுத ஆரம்பித்தார். அந்த நோட்டில் எனக்குப் பெரிய ஆச்சரியம் அவர் கையெழுத்து. பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு எழுத்து சுருங்கும். ஆஃபில் எழுதிய வரிகள் எறும்பு ஊர்ந்த மாதிரி, வரி முடிய முடிய இன்னும் சிறுத்துப் போயிருக்கும். ஆனில் எழுதியவை சங்கத்துப் பதிவேட்டில் எழுதிய அதே உருண்டை எழுத்து. 'எப்போது நடக்க வந்தது' என்ற கட்டத்தைப் பார்க்கவே வேண்டாம்; எழுத்தைப் பார்த்தாலே மாத்திரை எப்போது இறங்கியது என்று சொல்லிவிடலாம்.

அந்தப் பக்கங்களைப் புரட்டினால் ஒன்று கண்ணில் படும். உருண்டை எழுத்து தள்ளிப்போன நாளிலெல்லாம் சாப்பாட்டுக் கட்டத்தில் சாம்பாரும் சுண்டலும் இருக்கும், இல்லை மீன் இருக்கும், தயிர் நிறைய இருக்கும். வத்தக்குழம்பும் அப்பளமுமாகப் போன நாளில் மத்தியானம் தப்பித்திருக்கும்.

காரணம் குடலில் இருக்கிறது. நாம் விழுங்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவை வயிற்றில் கரைந்து, சிறுகுடலின் செல் சுவரில் இருக்கும் கொழுப்புப் படலத்தைத் தாங்களே ஊடுருவி ரத்தத்துக்குப் போய்விடும். லெவோடோபாவால் அப்படிப் போக முடியாது. அது தண்ணீரோடு ஒட்டும், கொழுப்போடு ஒட்டாது. ஆனால் அது ஓர் அமினோ அமிலம். டைரோசினுக்கு நெருங்கிய உறவு. நாம் சாப்பிடும் பருப்பு, முட்டை, மீன் எல்லாம் செரித்து அமினோ அமிலங்களாக உடையும்போது அவற்றை உள்ளே ஏற்றுவதற்கென்று சிறுகுடலின் மேல்பகுதியில் கடத்திப் புரதங்கள் இருக்கின்றன. லெவோடோபா அவற்றில் ஏறித்தான் ரத்தத்துக்குப் போகிறது. குடலைப் பொறுத்தவரை அது மருந்தே அல்ல, சாப்பாட்டில் ஒரு பகுதி.

தேர்த் திருவிழா அன்று ஊருக்குப் போகும் ஒற்றை மினிபஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவரும் அதில்தான் ஏற வேண்டும், தேர் பார்க்கப் போகிறவர்களும் அதில்தான். லூசின், ஐசோலூசின், வேலின், பினைல்அலனின் என்று ஒரு பெரும் கூட்டம் சாம்பாரிலிருந்து வந்து ஏறிக்கொள்ள, லெவோடோபா கீழே நின்றுவிடுகிறது. அது நிற்கும் இடமும் பெரிது இல்லை. முன்சிறுகுடலும் அதை ஒட்டிய பகுதியும்தான். அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் பெரிதாக உறிஞ்சப்படாது.

வயிறும் ஒரு தடை. வயிற்றில் லெவோடோபா ரத்தத்துக்குப் போவதில்லை. நிறையச் சாப்பிட்டால், அதுவும் எண்ணெய்ப் பலகாரமாகச் சாப்பிட்டால், வயிறு மெதுவாகத்தான் குடலுக்குத் தள்ளும். பார்க்கின்சனில் வயிறு ஏற்கெனவே மந்தம். மாத்திரை அங்கேயே கிடக்கும் நேரத்தில் வயிற்றுச் சுவரில் உள்ள நொதி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துக்கொண்டும் இருக்கும்.

இதெல்லாம் ஊகம் இல்லை. 1984-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜான் நட் என்ற நரம்பியல் மருத்துவரின் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. சாப்பாட்டோடு லெவோடோபா கொடுத்தபோது ரத்தத்தில் அது எட்டிய உச்ச அளவு 29 சதவீதம் குறைந்தது. உறிஞ்சப்படுவதும் 34 நிமிடம் தள்ளிப்போனது. அவர்கள் அதோடு விடவில்லை. குடலே இடையில் வராதபடி மருந்தை நரம்பு வழியாக ரத்தத்தில் நேரடியாகச் செலுத்தி, நோயாளி நன்றாக ஆனில் இருக்கும்போது புரதம் நிறைந்த சாப்பாடு கொடுத்தார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு குறையவில்லை. ஆனாலும் நோயாளி ஆஃபுக்குப் போனார். பினைல்அலனின், லூசின், ஐசோலூசின் ஆகியவற்றைத் தனியாகக் கொடுத்தபோதும் அதே கதை. கிளைசினும் லைசினும் கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை, அவை ஏறுகிற கடத்தி வேறு.

அதாவது இடைஞ்சல் இரண்டு இடத்தில். குடலில் ஒரு முறை, ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையும் இடத்தில் இன்னொரு முறை. இரண்டு இடத்திலும் லெவோடோபாவுக்கும் அமினோ அமிலங்களுக்கும் பொதுவான கடத்திகள்தான். குடலில் நடப்பதை மட்டும் சொல்லிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். என் கணக்கில் இரண்டாவதுதான் வீட்டில் இருப்பவர்களுக்கு முக்கியம். ஏனென்றால், "மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் ஆயிற்றே, குடலைத் தாண்டியிருக்குமே, இனி எவ்வளவு சுண்டல் சாப்பிட்டால் என்ன?" என்று கேட்டால், அதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. தாண்டியிருந்தாலும் மூளை வாசலில் மறுபடி நெரிசல் உண்டு.

நோட்டை எடுத்துக்கொண்டு நரம்பியல் டாக்டரிடம் போனோம். அவர் டோஸை ஏற்றவில்லை. நேரத்தை மாற்றினார், சாப்பாட்டை இடம் மாற்றச் சொன்னார். 1980-களில் யேல் பல்கலைக்கழகத்தில் பின்கஸ் என்பவரின் குழு எழுதிய முறை அது: பகலில் புரதத்தைக் குறைத்து, அன்றைக்கு வேண்டிய புரதத்தின் பெரும்பகுதியை ராத்திரிக்குத் தள்ளுவது. புரதத்தை விடுவது இல்லை, நேரம் மாற்றுவது மட்டும். இதை அழுத்திச் சொல்கிறேன். கடைக்கு வருகிறவர்களிடம் நான் பாதி சொல்வதற்குள், "அப்ப பருப்பே கூடாதா?" என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். பார்க்கின்சன் உள்ள வயதானவர்களுக்கு உடம்பு இளைப்பது பெரிய ஆபத்து. தசை கரைந்தால் விழுவார்கள்.

எங்கள் வீட்டில் என்ன மாறியது என்று சொல்கிறேன். காலையில் எழுந்ததும் மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும், நிமிர்ந்து உட்கார்ந்து. பால் காபி அதற்கு முக்கால் மணி நேரம் கழித்து. அப்பாவுக்கு இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. 100 மில்லி பாலில் 3 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. ஒரு டம்ளர் காபி சின்ன அளவுதான், ஆனால் வெறும் வயிற்றில் மாத்திரையோடு சேர்ந்து போகும்போது சில பேருக்கு அதுவே போதும். கடுங்காபி குடிக்கலாம் என்றேன். "அது காப்பியா பாப்பா?" என்று கேட்டுவிட்டு, முக்கால் மணி நேரம் காத்திருக்கச் சம்மதித்தார்.

மத்தியான மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால். சாப்பாட்டில் வத்தக்குழம்பு, பூண்டு ரசம், ஏதாவது ஒரு காய்க் கூட்டு பருப்பில்லாமல், மோர் கொஞ்சம். சாயங்காலச் சுண்டலுக்குப் பதில் வாழைப்பழம், இல்லை அவித்த மரவள்ளிக்கிழங்கு. ராத்திரி இட்லிக்குச் சாம்பார், அதோடு முட்டையோ மீனோ, படுக்கப் போகும்முன் பால். டெல்டாக்காரர்களுக்கு மத்தியானம் சாம்பார் இல்லாமல் சோறு இறங்காது என்று அம்மா சண்டை போட்டார். ஒரு மாதம் பார்ப்போம் என்று பேசி முடித்தோம். மாதம் முடிவதற்குள் அம்மாவே புளிக்குழம்பு வகைகளைச் சுழற்சியில் போட ஆரம்பித்துவிட்டார். அப்பா மத்தியானம் மூன்று மணிக்குச் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு வெளியே போவதைப் பார்த்த பிறகு யாருக்கு வாதாடத் தோன்றும்?

இதற்கு விலையும் உண்டு. புரதம் முழுக்க ராத்திரி போவதால் ராத்திரி மாத்திரை சரியாகக் கேட்காது. படுக்கையில் புரள முடியாமல் தவிப்பார். அதற்கு டாக்டர் ராத்திரி மருந்தை வேறு விதமாக அமைத்தார். நாங்களும் வழுக்கும் துணியில் படுக்கை விரிப்பு, கையெட்டும் இடத்தில் யூரின் கேன் என்று சில ஏற்பாடு செய்தோம். இன்னொன்று, மருந்து நன்றாக உறிஞ்சப்பட ஆரம்பித்தால் சிலருக்கு அளவு கூடிப்போய்க் கை கால் தானாக நெளியும். அப்படி வந்தால் டோஸைக் குறைக்க வேண்டும். அதனால்தான் இதை டாக்டரிடம் சொல்லாமல் வீட்டிலேயே செய்யாதீர்கள் என்கிறேன். நோய் தொடங்கிய புதிதில், மாத்திரை நாள் முழுக்கக் கேட்கிற நிலையில் இருப்பவர்களுக்கு இந்த மாற்றம் எதுவும் வேண்டியதும் இல்லை. மாதாமாதம் எடை பாருங்கள். வேட்டி தளர ஆரம்பித்தால் முறையை மறுபடி யோசிக்க வேண்டும்.

வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது என்று பலரும் சொல்வார்கள். இரண்டு ரஸ்க், கொஞ்சம் பொரி, அரிசிக் கஞ்சி என்று புரதம் குறைந்த ஏதாவது கூடப் போகலாம். குமட்டலுக்கு நீங்களாக மெட்டோகுளோப்ரமைடு வாங்கிப் போடாதீர்கள். அது மூளையில் டோபமினையே தடுக்கும். பார்க்கின்சன் உள்ளவரை ஒரே நாளில் முடக்கிவிடும். கடையில் நான் யாருக்கும் சீட்டில்லாமல் கொடுக்காத மருந்து அது. ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை இருந்தால் லெவோடோபாவோடு சேர்க்காமல் குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். இரும்பு அதைப் பிடித்துக்கட்டிக்கொள்ளும், அப்புறம் எந்தக் கடத்தியிலும் ஏறாது. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரை என்றால் பொடித்துக் கொடுக்கக் கூடாது. மலச்சிக்கலைக் கவனியுங்கள். எப்படி இருந்தாலும் லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

பூனைக்காலி விதைப் பொடியைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். இயற்கை மருந்து, ஆகவே மாத்திரையை விட நல்லது என்று. பூனைக்காலியில் இருப்பதும் லெவோடோபாதான். அதே குடல், அதே கடத்தி, அதே போட்டி. அந்த விதையிலேயே புரதமும் இருக்கிறது. பொடியில் எவ்வளவு லெவோடோபா இருக்கிறது என்பது வாங்கும் இடத்துக்கு இடம் மாறும், கார்பிடோபாவும் இல்லை. மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் மொத்தம் எவ்வளவு போகிறது என்று டாக்டருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. சாப்பிடுகிறீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள், அது போதும்.

இனி கடைக் கதைகளுக்கு வருகிறேன்.

சர்க்கரை நோயால் பாதம் எரிகிறவர்களுக்குக் கபாபென்டின் எழுதுவார்கள். அதுவும் லெவோடோபா மாதிரியே அமினோ அமிலக் கடத்தியில் ஏறுகிற மருந்து. சாப்பாடு அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. அதன் பிரச்சினை வேறு. ஒரே நேரத்தில் நிறையப் போட்டால் கடத்திகள் நிரம்பிவிடும், மிச்சம் மலத்தோடு போய்விடும். நாளுக்கு 900 மில்லிகிராமை மூன்றாகப் பிரித்துக் கொடுத்தால் சுமார் 60 சதவீதம் ரத்தத்துக்குப் போகிறது. 1200 என்றால் 47 சதவீதம். 2400 என்றால் 34. மருந்தின் விவரக் குறிப்பிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. "ஒண்ணுக்குக் கேக்கலம்மா, ராத்திரி மூணையும் சேர்த்துப் போட்டுட்டேன்" என்று ஒரு பெரியவர் வந்து சொன்னபோது இதைத்தான் விளக்கினேன். பிரித்துப் போடச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது, ஐயா. மூன்றையும் சேர்த்தால் மூன்று மடங்கு வலி குறையாது. ஆனால் ராத்திரி எழுந்தால் தலைசுற்றி விழ வாய்ப்பு கூடும். பிரீகாபலின் இதே குடும்பம், ஆனால் அது எந்த அளவிலும் 90 சதவீதத்துக்கு மேல் போய்விடும். ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு டாக்டர் மாற்றும்போது மில்லிகிராம் எண்ணை ஒப்பிட்டு, "குறைச்சுட்டாரே" என்று கவலைப்பட வேண்டாம்.

கடத்திகளைத் தெரிந்துகொண்டு அவற்றுக்கு ஏற்றபடி மருந்தையே மாற்றிச் செய்ததும் உண்டு. அக்கிக்கு முன்பு அசைக்ளோவிர். விழுங்கியதில் 10 முதல் 20 சதவீதம்தான் ரத்தத்துக்குப் போகும். அதனால் 800 மில்லிகிராம் மாத்திரையை ஒரு நாளில் ஐந்து முறை போட வேண்டும். அதோடு வேலின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டவைத்து வாலசைக்ளோவிர் செய்தார்கள். புரதத் துண்டுகளை ஏற்றும் பெப்ட்-1 என்ற கடத்தி இதையும் அப்படி ஒரு துண்டு என்று எடுத்துக்கொள்கிறது. உள்ளே போனதும் வேலின் கழன்றுவிடும், அசைக்ளோவிர் மிஞ்சும். இப்போது 54 சதவீதம் போகிறது, மூன்று முறை போட்டால் போதும். எங்கள் பக்கம் அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் இன்னும் இருக்கிறது. போய்விட்டு வரட்டும், நான் தடுப்பதில்லை. ஆனால் கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கிவிட வேண்டும், அதை மட்டும் விடாமல் சொல்வேன்.

அலர்ஜிக்குப் பெக்ஸோபெனடின் வாங்குகிறவர்களிடம் நான் சொல்வது ஒரே ஒரு வரி: தண்ணீரில் போடுங்கள், ஜூஸில் வேண்டாம். குடலில் ஓஏடிபி என்ற கடத்திக் குடும்பம் இந்த மருந்தை ஏற்றுகிறது. கிரேப்ஃப்ரூட், ஆரஞ்சு, ஆப்பிள் சாறுகள் அந்தக் கடத்திகளை அடைத்துவிடும். கிரேப்ஃப்ரூட், ஆரஞ்சுச் சாறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் உறிஞ்சப்படும் அளவு 36 சதவீதம் குறைந்ததாக மருந்தின் குறிப்பிலேயே போட்டிருக்கிறார்கள். குழந்தைக்கு மாத்திரை இறங்கவில்லை என்று ஜூஸில் கலக்கிக் கொடுக்கும் அம்மாக்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். தும்மல் நிற்கவில்லை என்று மறுநாள் வருவார்கள். ஜூஸ் குடித்தே ஆக வேண்டும் என்றால் நாலு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இதே கிரேப்ஃப்ரூட் சில ரத்த அழுத்த மாத்திரைகளின் அளவை நேர்மாறாக ஏற்றிவிடும். அங்கே அது தடுப்பது கடத்தியை இல்லை, மருந்தைச் சிதைக்கும் நொதியை. அதனால் 'இந்தப் பழம் மருந்தைக் கூட்டும்', 'இந்தப் பழம் குறைக்கும்' என்று பொதுவாகச் சொல்லும் எதையும் நான் நம்புவதில்லை. எந்த மருந்து என்று கேட்காமல் பதிலே இல்லை.

இதுவரை சொன்னவை உள்ளே ஏற்றும் கடத்திகள். வெளியே தள்ளுகிறவையும் உண்டு, எனக்கு உண்மையிலேயே பயம் அவற்றிடம்தான். பி-கிளைக்கோபுரோட்டீன் என்பது அதில் பெரியது. 1976-இல் ஜூலியானோ, லிங் என்ற இருவர் கோல்சிசின் என்ற நச்சுக்குச் சாகாமல் தாக்குப்பிடித்த வெள்ளெலிச் செல்களில் அதைக் கண்டுபிடித்தார்கள். குடல் செல்லில், சாப்பாடு போகும் பக்கத்தைப் பார்த்த ஓரத்தில் அது உட்கார்ந்திருக்கும். உள்ளே நுழைந்த மருந்தைப் பிடித்துத் திரும்பக் குடலுக்கே தள்ளும். விஷத்திலிருந்து நம்மைக் காப்பதற்காக இருப்பது அது. மருந்து எது, விஷம் எது என்று அதற்குத் தெரியாது.

டிகாக்சின் என்ற இதய மாத்திரையை அது தள்ளும். 0.25 மில்லிகிராம் மாத்திரை, சின்னஞ்சிறியது. மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு. அதனால்தான் நம் ஊர் டாக்டர்கள் பலர் வாரத்தில் ஐந்து நாள் மட்டும், சனி ஞாயிறு விட்டு என்று எழுதுவார்கள். இதைச் சாப்பிடுகிறவருக்கு நெஞ்சுச் சளி என்று வேறு ஒருவர் கிளாரித்ரோமைசின் எழுதினால் அது பி-கிளைக்கோபுரோட்டீனை முடக்கிவிடும். தள்ள ஆளில்லை, டிகாக்சின் ரத்தத்தில் ஏறும். பசியின்மை, குமட்டல், நாடி மெதுவாவது, பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிவது. வயிற்றுக் கோளாறு என்று நினைத்து மோர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு சீட்டும் என் கடைக்கே வந்தால் நான் பிடித்துவிடுவேன். வேறு வேறு கடைக்குப் போனால் யார் பார்ப்பது? மருந்தை எல்லாம் ஒரே கடையில் வாங்குங்கள் என்று நான் சொன்னால் வியாபாரத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். என் கடையாக இருக்க வேண்டும் என்று இல்லை, ஒரே கடையாக இருந்தால் போதும்.

ரிஃபாம்பிசின் இதற்கு நேர் எதிர். காசநோய் மருந்துகளில் ஒன்று. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகுமே, அந்த மருந்து. அது குடலில் பி-கிளைக்கோபுரோட்டீனின் எண்ணிக்கையையே கூட்டுகிறது. ஜெர்மனியில் நடந்து 1999-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமான 8 பேருக்குத் தினமும் 600 மில்லிகிராம் ரிஃபாம்பிசின் கொடுத்துவிட்டு அவர்கள் சிறுகுடலிலிருந்து திசு எடுத்துப் பார்த்தார்கள். அந்தப் புரதம் 3.5 மடங்கு கூடியிருந்தது. வாய்வழி கொடுத்த டிகாக்சின் ரத்தத்துக்குப் போவது குறைந்தது. நரம்பில் ஏற்றிய டிகாக்சினில் அந்த அளவுக்கு மாற்றம் இல்லை. இடைஞ்சல் குடலில்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்?

இதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. காசநோய் மருந்து அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அது மருந்துக் கடைச் சீட்டில் வராது. டிகாக்சின் மட்டும் வாங்கிப் போகிறவர் அங்கே ரிஃபாம்பிசினும் சாப்பிடுகிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதனால் இதய மாத்திரை வாங்க வருகிறவர்களிடம், "வேற எங்கயாவது இலவசமா மாத்திரை வாங்குறீங்களா?" என்று தனியாகவே கேட்கிறேன். 'வேறு மருந்து உண்டா' என்று கேட்டால் இல்லை என்பார்கள். 'இலவசமாக' என்று கேட்டால்தான் ஞாபகம் வருகிறது.

மருந்து தொடங்கும்போது டாக்டரிடம் சொல்கிறவர்கள்கூட முடியும்போது சொல்வதில்லை. ரிஃபாம்பிசினை நிறுத்திய சில வாரங்களில் கூடியிருந்த பி-கிளைக்கோபுரோட்டீன் பழைய அளவுக்கு இறங்கிவிடும். இடையில் டிகாக்சின் டோஸை ஏற்றியிருந்தால், அந்த ஏற்றிய டோஸ் இப்போது முழுசாக உள்ளே போகும். ஆறு மாதக் காசநோய் சிகிச்சை எந்தத் தேதியில் முடிகிறது என்று இதய டாக்டரின் சீட்டிலேயே எழுதி வைக்கச் சொல்கிறேன். வீட்டுக் காலண்டரிலும் அந்தத் தேதியை வட்டமிட்டு, அதிலிருந்து இரண்டு வாரத்தில் நாடியும் ரத்தப் பரிசோதனையும் பார்க்க ஒரு முறை போய்வந்துவிடுங்கள்.